ஏழாம் எண் துப்பாக்கி

மார்ச் 4, சனி

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒரு நோட்டு வாங்கித் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதியதைக் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுப் படிக்க வேண்டுமாம். நாற்பத்தொரு வயதில் இதெல்லாம் எனக்குத் தேவையா என்று தெரியவில்லை. என் மனைவி மேகலாதான் பிடிவாதமாக அழைத்துப் போனாள். எழுத எனக்குத் தடையில்லை. எழுத்தில் நான் ஒருநாளும் திக்கியதில்லை. படிப்பதை அப்புறம் பார்க்கலாம்.

முதல் நாள் என்பதால் என்னைப் பற்றி எழுதச் சொன்னார். பெயர் சாந்தலிங்கம். கோயம்புத்தூர் கணபதியில் பதினெட்டு வருஷம் மோட்டார் ரீவைண்டிங் செய்தேன். இரண்டு வருஷமாக மதுக்கரைப் பக்கம், மூடிக்கிடந்த நூல் மில்லுக்குள் நடக்கும் போர் விளையாட்டுத் திடலில் துப்பாக்கி மெக்கானிக். பொம்மைத் துப்பாக்கிதான். கையில் எடுத்தால் நிஜம் போலவே கனக்கும். உள்ளே ஒரு மோட்டார், மூன்று பல்சக்கரம், ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங். சக்கரம் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கும், ஸ்பிரிங் அதை முன்னால் அறையும், அடைபட்ட காற்று மிளகைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் குண்டைத் தூக்கி எறியும். சூட்சுமம் அவ்வளவுதான். மொத்தம் பன்னிரண்டு துப்பாக்கிகள். பன்னிரண்டும் என் பொறுப்பு.

மார்ச் 7, செவ்வாய்

ஏழாம் எண்ணைத் திறந்தேன். பிஸ்டனில் நாலு பல் மழுங்கிப் போயிருந்தது. கிரீஸ் கறுத்துத் தார் மாதிரி. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் வரிசையாகப் பரப்பிக் காயவைத்தேன். இரும்புப் பல் வைத்த புதுப் பிஸ்டன் போட்டேன். சக்கரங்களுக்கு அடியில் தாள் கனத்துக்கு வாஷர் வைத்துச் சத்தம் அடங்கும்வரை கூட்டிக் குறைத்தேன். மூன்று மணி நேரம் ஆனது. மூடி, பேட்டரி மாட்டி விசையை அழுத்தினால், முன்பு அரைத்துக்கொண்டிருந்தது இப்போது தையல் மிஷின் போல ஓடுகிறது.

முதலாளி நவநீதன் வந்து பார்த்தார். “லிங்கம், வர்றவனெல்லாம் ஒரே கம்ப்ளெயின்ட்டு. சுட்டா சுட்டவனுக்கும் தெரியறதில்ல, பட்டவனுக்கும் தெரியறதில்லங்கறான். ஏழ மட்டும் கொஞ்சம் ஏத்திக் குடு. டீம் லீடருக்குன்னு தனியா வெச்சுக்கலாம். ஆனா போர்டுல போட்டிருக்கறதத் தாண்டக் கூடாது, பாத்துக்க.”

வாசல் போர்டில் எழுதியிருப்பது: குண்டின் வேகம் நொடிக்கு முந்நூற்றைம்பது அடிக்கு மேல் போகக் கூடாது. நூறாம் நம்பர் ஸ்பிரிங் போட்டேன்; நம்பர் கூடக் கூட விறைப்பும் வேகமும் கூடும். வேகம் அளக்கும் மீட்டரில் 345 காட்டியது. தினமும் காலையில் முதலாளி முன்னால் மீட்டரில் சுட்டுக் காட்டிப் பதிவேட்டில் அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது இங்கே விதி.

மார்ச் 12, ஞாயிறு

மேகலாவின் தம்பி கிருபாகரன் இன்று வேலைக்குச் சேர்ந்தான். ஐந்து மாதமாக எங்கள் வீட்டில் இருக்கிறான். கல்யாண மேடையில் மைக் பிடித்துப் பேசுவான், மிமிக்ரி செய்வான், அழைப்பு வந்தால் உண்டு. மேகலா கேட்டுக்கொண்டதால் நான்தான் முதலாளியிடம் சொன்னேன்.

அவனுக்கு வில்லன் வேலை. ஒவ்வொரு ஆட்டத்திலும் எங்கள் ஆள் ஒருவர் கறுப்புச் சீருடை போட்டு மில்லுக்குள் ஒளிந்துகொள்வார். வாடிக்கையாளர்கள் தேடிப் பிடித்துச் சுட வேண்டும். இதற்கு முன் இருந்தவர் பேசாமல் ஓடுவார், பட்டால் கையைத் தூக்கிவிட்டு வந்துவிடுவார். கிருபாகரன் வசனம் பேசினான், மிரட்டினான், சவால் விட்டான். சுடப்பட்டதும் நீளமாக அலறி, தூணைப் பிடித்துச் சரிந்து, செத்த பிறகும் ஒரு வசனம் பேசினான். வந்த கூட்டம் அவனோடு படம் எடுத்துக்கொண்டுதான் போனது. முதலாளி அவனைக் கட்டிப்பிடித்தார். என்னை இரண்டு வருஷத்தில் அவர் கட்டிப்பிடித்ததில்லை. எனக்கு அது வேண்டியதும் இல்லை.

மார்ச் 15, புதன்

சாப்பிடும்போது தயிர் கேட்க வாயெடுத்தேன். “த... த...” என்பதற்குள் கிருபாகரன் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

“நீங்க சிரமப்படாதீங்க மாமா” என்றான்.

தண்ணீரைக் குடித்தேன்.

மார்ச் 19, ஞாயிறு

இன்று நல்ல கூட்டம். மேகலா சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். டீ நேரத்தில் எல்லாரும் கிருபாகரனைச் சுற்றி உட்கார்ந்து ஏதாவது செய்து காட்டச் சொன்னார்கள். முதலாளி போனில் பேசுவதைச் செய்தான், வாட்ச்மேன் கேட் திறப்பதைச் செய்தான். பிறகு நான் ஆட்டத்துக்கு முன்னால் பாதுகாப்பு விதி சொல்வதைச் செய்தான்.

“து... து... துப்பாக்கிய... ம... ம... மனுசன் மூஞ்சிக்கு நேரா...”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் செய்தான். ‘ம’வுக்கு முன்னால் நான் கழுத்தை இடப்பக்கம் வெட்டுவேன் என்பது எனக்கே இன்றுதான் தெரிந்தது. மேகலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்து வைக்கப் போனாள்.

விளையாட்டுக்குச் செய்வதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளும் ஆள் நானில்லை.

மார்ச் 20, திங்கள்

ஏழாம் எண்ணுக்கு நூற்றிருபதாம் நம்பர் ஸ்பிரிங் ஒன்று வரவழைக்கச் சொன்னேன். இருப்பில் இருப்பது நல்லது.

மார்ச் 26, ஞாயிறு

காலையில் ஏழாம் எண்ணை மீட்டரில் சுட்டுக் காட்டினேன். 345. முதலாளி கையெழுத்துப் போட்டார். அவர் போனதும் ஸ்பிரிங்கை மாற்றினேன். இந்தத் துப்பாக்கியில் அது ஒரு வசதி, முழுவதும் பிரிக்க வேண்டாம். பின்பக்கத் திருகைக் கழற்றிப் பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். ஐந்து நிமிஷம். வெயிலில் ஸ்பிரிங் தளர்ந்துவிடும், அதற்கு ஈடுகட்டத்தான். மாலையில் மறுபடி நூறாம் நம்பரைப் போட்டுவிட்டேன்.

டீம் லீடராக வந்த கல்லூரிப் பையன் துப்பாக்கியைத் திருப்பித் தரும்போது “அண்ணா, இது செமயா இருக்குங்ணா” என்றான். வேலையைப் புரிந்துகொண்டு பாராட்டுபவர்கள் அபூர்வம்.

மார்ச் 27, திங்கள்

கிருபாகரன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்திருந்தான். முதுகில் ஏழெட்டு இடத்தில் எட்டணாக் காசு அளவுக்குக் கன்றிப்போய், நடுவில் தோல் கிழிந்திருந்தது. மேகலா மஞ்சளும் எண்ணெயும் குழைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, இப்புடியா அடிக்கும்? பொம்மைத் துப்பாக்கின்னு சொன்னீங்க?” என்றாள்.

கிருபாகரன் தலையைத் தூக்கி, “ஏழாம் நம்பரு கொஞ்சம் ஓவரா அடிக்குதுங் மாமா. ஒருக்கா செக் பண்ணிப் பாக்கறீங்களா?” என்றான்.

“பா... பாக்கறேன்” என்றேன்.

பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிஸ்டன் தலையின் ரப்பர் வளையம் மட்டும் லேசாகத் தேய்ந்து காற்று ஒழுகியது. மாற்றினேன். இனி இன்னும் பத்து அடி கூடும்; காலை மீட்டரில் அதே 345 காட்ட நூறாம் நம்பரில் மட்டும் ஒரு சுற்று வெட்டிவிட்டேன்.

ஏப்ரல் 2, ஞாயிறு

காலை 345. கையெழுத்து. பிறகு ஸ்பிரிங் வேலை. இரண்டு ஆட்டம் நடந்தது. கிருபாகரன் இரண்டாவது ஆட்டத்தில் வசனம் குறைத்துவிட்டான் என்று முதலாளிக்கு வருத்தம்.

ஏப்ரல் 5, புதன்

கிருபாகரன் பட்டறைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் நான் வாஷர் அடுக்குவதைப் பார்த்தான்.

“அன்னிக்கு உங்களச் செஞ்சு காட்டுனது தப்புங் மாமா. கூட்டத்தப் பாத்தா எனக்கு வாய் நிக்கறதில்ல. அக்கா அன்னிக்கு சாயங்காலமே என்ன நல்லாத் திட்டீட்டா. மனசுல வெச்சுக்காதீங்க.”

“ச... சரி, விடு” என்றேன்.

சிரித்துவிட்டுப் போனான். மன்னிப்புக் கேட்டது நல்ல குணம்தான்.

போன வாரம் சொல்லியிருந்த நூற்றைம்பதாம் நம்பர் ஸ்பிரிங் வந்துவிட்டது. இவ்வளவு விறைப்பான ஸ்பிரிங்குக்குப் பழைய பல்சக்கரங்கள் தாங்காது, எஃகுச் சக்கரம் போட வேண்டும். மோட்டாரையும் காந்தம் பெரியதாக மாற்ற வேண்டும். ஒரு வாரம் ஆகும். இப்படி ஒரு வேலை கையில் இருந்தால் நாள் போவதே தெரியாது.

ஏப்ரல் 8, சனி

ஒரு சோதனை செய்து பார்த்தேன்.

வாடிக்கையாளர்களுக்குக் கண்ணாடி போட்ட முகக்கவசம் கொடுக்கிறோம். கிருபாகரன் மட்டும் கம்பி வலை முகமூடி போடுகிறான். கண்ணாடி போட்டால் வியர்வையில் மங்குகிறது, வசனமும் வெளியே கேட்பதில்லை என்கிறான். ஒரு பழைய வலை முகமூடியை மணல் மூட்டையில் கட்டி, அதற்குள் செய்தித்தாளை மடித்து வைத்தேன். பழைய சக்கரம் சில முறைக்குத் தாங்கும் என்று நூற்றைம்பதாம் நம்பர் போட்டு, பதினைந்து அடி தூரத்திலிருந்து, பழைய வெள்ளைக் குண்டுகளால் பன்னிரண்டு முறை சுட்டேன்.

ஒரு குண்டும் உள்ளே போகவில்லை. வலை உறுதியானது. ஆனால் மலிவுக் குண்டு வேகமாகக் கம்பியில் மோதும்போது உடைகிறது. தாளில் சுண்ணாம்பு மாதிரி தூள். மூன்று இடத்தில் ஊசி போன்ற சில்லுகள் குத்தி நின்றன. ஒன்று நாலு மடிப்பையும் தாண்டியிருந்தது.

வலை குண்டைத் தடுக்கும், குண்டின் சில்லைத் தடுக்காது. இது யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தாளைக் கசக்கிப் போட்டேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

மழை. ஆட்டம் இல்லை. எல்லாத் துப்பாக்கிக்கும் கிரீஸ் வைத்தேன்.

ஏப்ரல் 14, வெள்ளி

வருஷப் பிறப்பு. மேகலா மாங்காய்ப் பச்சடி, பருப்பு வடை, பாயசம் செய்தாள். கிருபாகரன் எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்தான். தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கு. முதல் சம்பளத்தில் வாங்கினானாம்.

“குனிஞ்சு குனிஞ்சு அந்தச் சின்னச் சின்னச் சாமானப் பாத்துப் பாத்து உங்க கண்ணு போயிருமுங் மாமா. அதான்.”

மேகலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “உங்களுக்கு இவன் மேல பிரியம் இல்லையோன்னு நெனச்சுட்டிருந்தனுங்க” என்று பிறகு என்னிடம் தனியாகச் சொன்னாள். எதற்காக அப்படி நினைத்தாளோ.

விளக்கு நன்றாக இருக்கிறது. வெள்ளை வெளிச்சம், நிழல் விழுவதில்லை. மத்தியானம் பட்டறைக்குப் போய் அதை மாட்டிக்கொண்டுதான் ஏழாம் எண்ணின் எஃகுச் சக்கரங்களைப் பொருத்தி முடித்தேன்.

ஏப்ரல் 23, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதி வைப்பது நல்லது.

காலை ஒன்பது மணிக்கு மீட்டர். ஏழாம் எண் 345. கையெழுத்து ஆனது. பிறகு ஸ்பிரிங் வேலை. புதுக் குண்டு மூட்டை பிரிக்காமல் இருந்தது. பழைய மூட்டை பாதிக்கு மேல் மீதி இருந்ததால் அதிலிருந்தே நிரப்பினேன். பொருளை வீணாக்கக் கூடாது.

வந்தவர்கள் ஒரு கல்யாண மாப்பிள்ளையும் அவன் நண்பர்களும், ஒன்பது பேர். மாப்பிள்ளை ஏழாம் எண்ணை எடுத்துக்கொண்டான். கிருபாகரன் முகமூடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு பட்டறை வாசலில் நின்றான்.

“மாமா, ஏழு ஓகேவா?”

“ஓகே” என்றேன். ‘ஓ’ எனக்கு எப்போதும் தடுக்காத எழுத்து.

முகமூடியை இறக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினான்.

பதினொன்றே முக்காலுக்கு மாடியிலிருந்து அலறல் கேட்டது. கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள். மேலே யாரோ “சாவு மச்சான், வசனம் பேசு” என்று கத்தினான். இன்னும் நாலைந்து சுடும் சத்தம். மறுபடி கைதட்டல். கிருபாகரன் நடிப்புக்கு அலறினால் நீளமாக இருக்கும், கடைசியில் ஒரு இழுப்பு இழுப்பான். இது குட்டையாக இருந்தது. எனக்குத் தெரிந்தது. கையில் இரண்டாம் எண் இருந்தது. அதன் கடைசித் திருகை முடுக்கிவிட்டு எழுந்தேன்.

நான் மாடி ஏறுவதற்குள் சிரிப்பு நின்றிருந்தது. கிருபாகரன் மண்டியிட்டு இரண்டு கையாலும் இடது கண்ணைப் பொத்தியிருந்தான். விரல் இடுக்கில் ரத்தம் அதிகமில்லை, தண்ணீர் மாதிரி ஏதோ வடிந்தது. முகமூடி பக்கத்தில் கிடந்தது, அவனே பிடுங்கி எறிந்திருக்கிறான். அந்த மாப்பிள்ளை சுவரோரம் உட்கார்ந்து, “சும்மாதான் சுட்டேன், நடிக்கறாருன்னு நெனச்சேன்” என்று சொன்னதையே சொல்லி அழுதான்.

முதலாளி காரில் ஏற்றிக்கொண்டு போனார். எல்லாரும் கேட் வரை ஓடினார்கள். நான் ஏழாம் எண்ணை எடுத்துவந்து ஐந்து நிமிஷ வேலையை முடித்தேன்.

மூன்று மணிக்கு போலீஸ் வந்தது. துப்பாக்கியை மீட்டரில் சுடச் சொன்னார்கள். 345. பதிவேட்டைப் பார்த்தார்கள், 345. எஸ்.ஐ. என்னைப் பார்த்து, “பின்ன எப்புடிய்யா ஆச்சு?” என்றார்.

“வேர்வை தொடைக்க முகமூடியத் தூக்கியிருப்பான் சார். அடிக்கடி அப்படிப் பண்ணுவான். நானே பல தடவை சொல்லியிருக்கேன்” என்றேன்.

இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன். ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை.

ஏப்ரல் 25, செவ்வாய்

கண்ணைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உள்ளே சில்லு போயிருக்கிறதாம். மேகலா ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போனதும் என் தோளில் சாய்ந்துகொண்டாள். கல்யாணமான இந்தப் பதிமூன்று வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவள் அப்படிச் சாய்ந்ததில்லை. அவள் தலை கனமாக இருந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

கிருபாகரனிடம் போலீஸ் வாக்குமூலம் வாங்கியதாம். முகமூடியைத் தான்தான் தூக்கியதாக அவனே சொல்லிவிட்டானாம். எனக்கு வியப்பாக இருந்தது. அடிபட்டதில் நினைவு குழம்பியிருக்கும்.

மே 3, புதன்

திடல் மறுபடி திறந்தது. ஒன்பதாம் எண்ணுக்கு மோட்டார் பிரஷ் மாற்றினேன்.

மே 18, வியாழன்

கிருபாகரன் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடவில்லை. செம்பிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பாதி தரையில் விழுகிறது. இன்று காலை அப்படி ஊற்றிவிட்டு, “பூமித்தாய்க்கு மொத வாய்” என்று சிரித்தான். மேகலா சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மேடை அழைப்பு எதுவும் வருவதில்லை. கல்யாண வீட்டில் இப்படி ஒருவன் மைக் பிடிப்பது நன்றாக இருக்காது என்று நினைக்கிறார்கள் போல. மிமிக்ரி செய்வதை விட்டுவிட்டான். வீடு அமைதியாக இருக்கிறது.

ஜூன் 12, திங்கள்

முதலாளி பட்டறைக்கு வந்தார். “லிங்கம், கிருபாவ உங்கூட வெச்சுக்கறயா? கொஞ்சம் கொஞ்சமாத் தொழில் கத்துக்கட்டும். நம்ம எடத்துல போன கண்ணு, எனக்குச் சோறு எறங்க மாட்டீங்குது.”

“தாள் கனத்து வா... வாஷர் சார். ஒத்தக் கண்ணுல ஆகாது. கியர் போயிரும்” என்றேன்.

அவர் தலையாட்டினார். தொழில் விஷயத்தில் என் பேச்சை அவர் மீறுவதில்லை.

ஜூன் 18, ஞாயிறு

மத்தியானம் கிருபாகரன் பஸ் பிடித்துத் தனியாகப் பட்டறைக்கு வந்தான். வாசல்படி தடுக்கி விழப்பார்த்து, மேஜையைப் பிடித்துக்கொண்டான். ஸ்டூலில் உட்கார்ந்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

“மொதலாளி சொன்னாருங் மாமா, எனக்கு இங்க ஆகாதுன்னு சொல்லீட்டீங்கன்னு.”

நான் வாஷர் டப்பாவைக் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

“நான் கியரத் தொடலீங். கூட்டிப் பெருக்கறன், குண்டு ரொப்பறன், சாமான் எடுத்துக் குடுக்கறன். வீட்ல அக்கா மூஞ்சியப் பாத்துட்டே உக்கோந்திருக்க முடியல மாமா.”

“ஆ... ஆகாது” என்றேன்.

வெளியே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

“எனக்குத் தெரியுமுங் மாமா. மொதத் தடவ முதுகுல பட்டப்பவே ஒரு சந்தேகம். அடுத்த வாரமும் அதே மாரி. உங்ககிட்டச் சொன்ன பொறவும் கொறையலையே. நான் பேசுன பேச்சுக்கு ரெண்டு அடி வாங்குனாச் செரியாப் போயிரும்னு விட்டுட்டன். இவ்வளவுக்குப் போகும்னு நெனைக்கல. நீங்களும் நெனச்சிருக்க மாட்டீங்க.”

என் கையில் ஒரு சின்ன வாஷர் இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

“அ... அப்பறம் ஏன் போ... போலீஸ்ல...”

“சொன்னா உங்களக் கூட்டீட்டுப் போயிருவாங்க. அப்பறம் அக்கா எங்க போவா? எங்களுக்கு ஆரு இருக்கறாங்க?”

எழுந்தான். கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்து என் கையைத் தேடினான். முதல் தடவை காற்றைப் பிடித்தான், இரண்டாம் தடவை மணிக்கட்டைப் பிடித்தான்.

“ஒண்ணே ஒண்ணு மாமா. இத நீங்களாப் போய் அக்காகிட்டச் சொல்லீராதீங்க. அவ தாங்க மாட்டா. உங்க மனசு கெடந்து அடிச்சுக்கும், எனக்குத் தெரியும். என்னிக்காவது தாங்காமப் போய்ச் சொல்லீருவீங்களோன்னுதான் எனக்குப் பயமா இருக்குது.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். நன்றி என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனான்.

அந்த விஷயத்தில் அவன் பயப்படவே வேண்டியதில்லை.